அந்த ஊதா வாளி என்னுடையதுதான்

கிள்ளான்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள பேரன் குருவுக்கு,

உன் பாட்டி தனலெட்சுமி எழுதிக்கொள்வது. நீ ஜோகூரில் நலமாக இருப்பாய். இல்லாவிட்டாலும் இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் நலமாக இரு, அதற்குப் பிறகு உன் பாடு. இங்கே நானும் நலம். முழங்கால் நலம், கண் நலம், புத்தியும் நலம். கடைசியாகச் சொன்னதை மட்டும் உன் அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு. போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் "பாட்டி, மீட்டிங்ல இருக்கேன் லா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, நீல டீசட்டை போட்டுக்கொண்டு, முகம் மழிக்காமல், தெலுக் பங்லிமா காராங் பேக்டரியிலிருந்து ஒரு வெள்ளை வாளியைக் கொண்டுவந்தாய். அடுப்படியில் வைத்தாய். "பாட்டி, ஆபீஸ்ல குடுத்தாங்க, வச்சுக்குங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் சுட்ட நாலு தோசையைத் தின்றாய், ஜோகூருக்கு மூன்று மாதப் பயிற்சி என்று போய்விட்டாய். நல்ல வாளி, கனமான பிளாஸ்டிக், பிடி கையை அறுக்கவில்லை. பேரன் சம்பாதித்துக் கொடுத்த வாளி என்று அதில் துணி கூட ஊறவைக்காமல் துடைத்து வைத்திருந்தேன். என் புத்தி கெட்டது அங்கேதான் என்று, உன் அப்பா என்னைக் காட்டப்போகிற டாக்டரிடம் வேண்டுமானால் சொல்லலாம்.

போன புதன்கிழமை தண்ணீர் நின்று மூன்றாம் நாள். தண்ணி லோரி வருகிறது என்றார்கள். எங்கள் வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆள் நிற்க வேண்டியதில்லை, வாளி நிற்கும். வாளி எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் ஆளுடைய இடம். காலை ஏழரைக்கே மூலை வீட்டு நிழலில் நாலாவது இடத்தில் என் வெள்ளை வாளியை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாமிக்கு விளக்கேற்றி, பசியாறிவிட்டு, லோரிச் சத்தம் கேட்டுப் பத்து மணிக்குப் போகிறேன், சுள்ளென்று வெயில், தெருவே நிற்கிறது, நாலாவது இடத்தில் என் வாளியைக் காணோம்! அங்கே ஒரு ஊதா வாளி! கத்தரிக்காய் ஊதா! என் வாளியைத் தூக்கிவிட்டுத் தன் வாளியை வைத்தது எந்தப் புண்ணியவதி என்று கேட்டேன். ஐந்தாவது இடத்தில் யார்? பக்கத்து வீட்டுக் குமுதா. தொண்ணூற்று மூன்றாம் வருடம் பொங்கலுக்கு மறுநாள் என் இட்லிச் சட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய், ஆடி மாதம், அதுவும் நான் போய்க் கேட்ட பிறகு, மூடி நசுங்கித் திருப்பிக் கொடுத்தாளே, அதே குமுதா.

"குமுதா, என் வாளி எங்கடி?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? என் வாளி பச்சை, இந்தா நிக்குது."

"இட்லிச் சட்டியும் இப்படித்தான் எனக்குத் தெரியாதுன்னே."

"ஐயோ அக்கா, முப்பது வருசமாச்சு, இன்னுமா அந்தச் சட்டி அடுப்புல இருக்கு!"

தெரு முழுக்கச் சிரித்தது. வரிசையைப் பார்த்துக்கொள்கிற தம்புசாமி வந்து, "இந்த ஊதா யாருது? சீக்கிரம் சொல்லுங்க, லோரிக்காரன் கெளம்பிடுவான்" என்றார். யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை. சொந்தக்காரர் இல்லாத வாளிக்கு வரிசையில் என்ன இடம் என்று நானே அதை எட்டி உதைத்தேன். அது உருண்டு சாக்கடை ஓரம் போய் விழுந்தது. சட்டப்படி வாளி இல்லாதவளுக்கு இடமும் இல்லை. நான் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். குரு, என் வாளியை நானே உதைத்தேனடா. இந்த எழுபத்தாறு வயதில் என் காலால் என் தண்ணீரை நானே உதைத்துத் தள்ளினேன், அதற்குக் காரணம் நீ.

இதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் கோபத்தில் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். அந்த நேரம் குமுதா, பாவம் கிழவி என்று நினைத்தாளோ என்னவோ, சாக்கடை ஓரம் கிடந்ததை எடுத்துக் கழுவி, கடைசித் தண்ணீரைப் பிடித்து, என் அடுப்படியில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போயிருக்கிறாள். அரை மணி கழித்து எழுந்து வந்து பார்க்கிறேன், என் வெள்ளை வாளி! தளும்பத் தளும்பத் தண்ணீரோடு! திருடினதைத் திருப்பி வைத்துவிட்டாள் என்று நான் நினைக்காமல் வேறு யார் நினைப்பார்கள்? வேலிப் பக்கம் போய்க் கூப்பிட்டேன்.

"பயந்துகிட்டுக் கொண்டாந்து வச்சிட்டியா என் வெள்ளை வாளிய?"

"வெள்ளையா? அக்கா, அந்த ஊதா வாளியிலதான் பிடிச்சு வச்சேன்."

"எனக்குக் கண்ணு இல்லையா? வெள்ளைடி!"

"ஊதாக்கா!"

அவள் வந்து பார்க்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய் உன் அப்பனுக்குப் போன் போட்டாள். "தம்பி, அம்மாவுக்குக் கலர் கூடத் தெரியல, எதுக்கும் வந்து பாருங்க" என்று அவள் சொன்னது வேலி தாண்டி எனக்கே கேட்டது.

உன் அப்பன் திருச்செல்வம் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தான். அடுப்படியில் வெள்ளை வாளி நிற்கிறது. "வாளி இங்கதானே இருக்கு? பின்ன ஏன்மா காணோம்னு தெருவுல சண்டை போட்டே?" என்றான். குமுதா வேறு யாருடைய வாளியிலோ கொண்டுவந்து இதில் ஊற்றியிருப்பாள், நான் வாளியைக் கொண்டுபோகவே மறந்திருப்பேன் என்று அவனே ஒரு கதை கட்டினான். உன் அம்மா மாதவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, இன்னைக்கு என்ன கிழமை?" என்று குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். "புதன். உனக்கு நிச்சயதார்த்தம் நடந்ததும் புதன். உங்க வீட்டுக் கேசரியில சீனி போட மறந்ததும் அதே புதன்" என்றேன். கையை விட்டுவிட்டாள்.

மறுநாள் அந்த வாளியைக் கழுவி வாசலில் வெயிலில் கவிழ்த்தேன். நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே, ஒரு வெற்றிலை மென்று முடிக்கிறதுக்குள், ஊதா! உள்ளே கொண்டுவந்தேன், கொஞ்ச நேரத்தில் வெள்ளை. வெளியே, ஊதா. உள்ளே, வெள்ளை. பதினோரு தடவை தூக்கினேன், இடுப்பு விட்டுப்போனது. மேலே ஒரு தட்டை வைத்துப் பார்த்தேன், எடுத்தால் தட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெள்ளை. உடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "ஆமா பாட்டி, அது நாங்க செய்யுற புது பிளாஸ்டிக். உருக்கும்போது ஒரு தூள் கலப்போம். வெயில் பட்டா அந்தத் தூள் கலர் மாறும், நிழலுக்கு வந்தா பழையபடி ஆயிடும். சேம்பிள் வாளி. சொல்ல மறந்துட்டேன்."

சொல்ல மறந்துட்டேன்! மறந்தவன் நீ, டாக்டர் எனக்கா?

எதற்கடா இது என்று கேட்டதற்கு, வெயில் கடுமையாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதற்கு, விளையாட்டுச் சாமான், தொப்பி, போத்தல் மூடி எல்லாம் செய்யப் போகிறோம் என்றாய். கிள்ளானில் வெயில் அடிப்பதைத் தெரிந்துகொள்ள வாளி வேண்டுமா? மண்டை போதாதா? சரி, அப்பாகிட்ட நான் சொல்லிடுறேன் பாட்டி என்றாய். நாலு நாள் ஆயிற்று. இன்னும் சொல்லவில்லை. இது இரண்டாவது மறதி, நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

நானே காட்டிவிடலாம் என்று நேற்று ஞாயிற்றுக்கிழமை வெயில் இருக்கும்போதே வரச் சொன்னேன். வந்தார்கள், மாலை ஐந்துக்கு. வானம் இடிந்து விழுகிற மழை. நான் விடுவேனா? மழையில் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "இப்ப ஊதா ஆகும் பாரு, இப்ப ஆகும் பாரு" என்றேன். ஆகவில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன். ஆகவில்லை. டார்ச் அடித்தேன். வாளி உன்னைப் போலவே வாயைத் திறக்கவில்லை. மாதவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் அப்பன் என் தலையைத் துவட்டிவிட்டு, வருகிற சனிக்கிழமை டாக்டரிடம் பதிந்திருப்பதாகவும், டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னைச் சுபாங் ஜெயாவில் அவர்கள் இருக்கிற பதினோராவது மாடிக்குக் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னான். பதினோராவது மாடியில் நான் யாரோடு சண்டை போடுவது?

குமுதா வந்து வெயிலில் பார்த்தால் சாட்சி சொல்லுவாள்தான். அதற்கு நான் போய் அவளைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் புதன்கிழமை பேசினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன். முதலில் அவள் தொண்ணூற்று மூன்றுக்குக் கேட்கட்டும்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் கம்பெனிக் காகிதத்தில், "கிள்ளான் தனலெட்சுமி அம்மாளின் வாளி நிழலில் வெள்ளை, வெயிலில் ஊதா, அம்மாளின் புத்தியில் கோளாறு இல்லை" என்று எழுதி, முத்திரை குத்தி, மேலாளர் கையெழுத்தோடு சனிக்கிழமைக்குள் உன் அப்பன் கைக்குப் போய்ச் சேர வை. இல்லாவிட்டால் நீயே நேரில் வந்து உச்சி வெயிலில் அவன் முன்னால் வாளியோடு நில். நான் பிறந்ததிலிருந்து யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் வைத்திருக்கிறவள். என்னை மறதிக்காரி என்று ஊர் சொல்ல நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. அந்தத் தூளைத் தொட்ட கையோடு சாப்பிடாதே. மாரியாத்தா உன்னை நோய் நொடி அண்டாமல், நல்ல புத்தியோடும் நல்ல ஞாபகத்தோடும், முக்கியமாக ஞாபகத்தோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
புத்தி தெளிவாக இருக்கிற உன் பாட்டி
தனலெட்சுமி

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன், திங்கள் சாயங்காலம். உன் அப்பன் இப்போதுதான் போகிறான். வாளி விஷயம் நடந்ததிலிருந்து வேலை முடிந்து, அந்த நெரிசலில் தினமும் வருகிறான். முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை வருவான், வண்டியை அணைக்காமலே நலமா என்று கேட்டுவிட்டுப் போவான். இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, என்னை மொத நாள் ஸ்கூலுக்கு யாரு கூட்டிட்டுப் போனா, ஞாபகம் இருக்கா?" என்று சோதித்தான். எரிச்சலில், "உங்கப்பா" என்றேன். "இல்லம்மா, நீதான்" என்று ஆரம்பித்தான் பார். நான் அவனை ரயில் கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தது, அவன் அழுதது, நான் ஜன்னலுக்கு வெளியே மத்தியானம் வரை நின்றது, எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் சொன்னான். இதெல்லாம் அவன் மனதில் இருக்கிறது என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. மஞ்சள் குடை பிடித்திருந்தேன் என்றான். கறுப்புக் குடை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாளைக்குத் தன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கப் போகிறானாம். சனிக்கிழமை டாக்டருக்கு எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவேன், வீடு எங்கேயும் போகாது. உன் அப்பனுக்குத்தான் தப்பாகச் சொல்லப் போகிறேன். அதனால் காகிதமும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். வாளியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. உனக்குத்தான் மறக்க வருமே, தீபாவளி வரைக்கும் மறந்திரு.