கடலோரத்துக் கத்தரிக்காய்க் கறி

கற்பனைக்கு எல்லை கிடையாது என்று யாரோ சொல்லிவைத்தார்கள். என்னுடைய கற்பனைக்கு உண்டு. அது எங்கள் அம்மா சமைக்கும் குசினியின் கதவோடு முடிந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போகப் பார்த்தது.

நான் நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்காத வீடு. (மீன்காரரின் ஹோர்ன் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டாலே அம்மா ஓடிப்போய்ப் படலையைச் சாத்துவார்.) இப்படிப்பட்ட நான்தான் கடற்றொழிலாளர் துயரத்தைப் பற்றி யூடியூப்புக்கு ஒரு தொடர் எழுதப் புறப்பட்டேன். தோட்டக்காரப் பையன் கடற்கரைப் பெண்ணைக் காதலிக்கிறான். எழுதும்போது நானே அழுதேன். என்னைப் போல ஒரு முற்போக்குவாதி வலிகாமம் பகுதியிலேயே இல்லை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

படப்பிடிப்புக்குப் படகு தந்தவர் ராசேந்திரம் அண்ணை. தொண்டைமானாற்றுக்கு அங்கால் ஒரு கரையூரில் சம்மாட்டி, அதாவது பல படகுகளுக்குச் சொந்தக்காரர். உலக்கை மாதிரிக் கைகள். தொடர் பாதி முடிந்ததும், ஊர்ச்சனத்துக்கு அதைப் போட்டுக் காட்டச் சொன்னார். மிச்சப் பாதிக்கும் அவருடைய படகுதான் வேண்டும். மாட்டேன் என்று சொல்ல யாரால் முடியும்?

ஒரு ஞாயிறு காலை, வாசிகசாலை யன்னல்களைச் சாத்திவிட்டுப் படம் போட்டோம். புயலில் தப்பி வந்த, அந்தப் பெண்ணின் தகப்பனுக்கு மனைவி கண்ணீரோடு சோறு போடும் காட்சி வந்தது. சனம் அழப்போகிறது என்று திரும்பிப் பார்த்தேன். சனம் சிரித்தது.

"கடலாலை வந்த மனுசனுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியோடி!" என்றாள் ஒருத்தி.

"கந்தசட்டி விரதமாக்கும்!" என்றாள் இன்னொருத்தி.

யோசித்துப் பார்த்தால், தொடர் முழுக்க அந்த மீனவர் வீட்டில் ஒரு மீன் இல்லை. பூசணிக்காய், முருங்கையிலை, பருப்பு. எங்கள் வீட்டுச் சமையலை அப்படியே தூக்கிக் கடற்கரையில் வைத்திருந்தேன்.

ராசேந்திரம் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, வீட்டை வா. மனுசி உன்னோடை கதைக்கவேணுமாம்" என்றார்.

இயக்குநரான என் நண்பன் பிரதீபனைப் பார்த்தேன். "நீதானே மச்சான் எழுதினனீ, நீயே போ. நான் கமராவைப் பாத்துக்கொள்ளுறன்" என்று கமராவோடு மாயமாகிவிட்டான்.

அண்ணையின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறினேன். வழி முழுக்க அந்த உலக்கைக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி விழுந்தாலும் முகத்தில் விழக்கூடாது என்று சன்னிதி முருகனை வேண்டிக்கொண்டேன். வீட்டைக் கண்டதும் பயம் இரட்டிப்பானது. மேல்மாடி வைத்த வீடு, பளிங்குத் தரை. இவரைப் போன்றவர்களைத்தான் தொடரில் ஓலைக்கொட்டிலில் குடியிருத்தியிருந்தேன். கோபம் அதற்காகத்தான் இருக்கும் என்று மன்னிப்பு வசனத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கினேன்.

அவருடைய மனைவி மலரக்கா கதிரையை இழுத்துப் போட்டார்.

"உங்கடை படத்திலை அந்தத் தோட்டக்காரப் பெடியன் பெட்டையின்ரை வீட்டுக்கு எத்தினை தரம் வாறான் தம்பி?"

"கன தரம் வாறான் அக்கா."

"ஒருக்காலாவது ஒரு தேத்தண்ணி குடிச்சவனோ? நாங்கள் குடுக்காத சனமோ, அவன் குடிக்காத சனமோ?"

அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் குடிக்கக்கூடாது என்று நான் எழுதவில்லை. குடிப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் ஒரு கடற்கரை வீட்டில் குடித்து நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் நிமிர முடியவில்லை.

"சரி, இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று அவர் உள்ளே போனார்.

தட்டு வந்தது. சோறு, அதன்மேல் விளைமீன் குழம்பு. மீன் என்னைப் பார்த்தது. நான் மீனைப் பார்த்தேன். சைவம் என்று சொன்னால் அந்தப் பெடியனும் நானும் ஒன்றென்று ஆகிவிடும். (படகும் போய்விடும், அதுவும் ஒரு பயம்தான்.) கண்ணை மூடிக்கொண்டு, கத்தரிக்காயைப் பிசைவதுபோலப் பிசைந்து விழுங்கினேன். முள் என்று ஒரு சாமான் இருப்பது நினைவிலேயே இல்லை.

தொண்டைக்குள் குத்தியது. சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள். வாழைப்பழம் தந்தார்கள். ஒன்றுக்கும் அது அசையவில்லை. செத்துப்போவேன் என்று உறுதியாக நம்பினேன். அதைவிட, செத்தவீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா காரணம் சொல்லவேண்டி வருமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அண்ணை என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். மலரக்கா வழி முழுக்க என் முதுகைத் தடவிக்கொண்டு, "தின்னாத பிள்ளையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ராசா" என்று அழுதார்.

முள்ளை எடுத்த பிறகு அப்பாவுக்கு போன் செய்தேன்.

"எங்கை சாப்பிட்டனீ?"

சொன்னேன்.

"சரி, வா. கிணத்தடியிலை முழுகிப்போட்டு உள்ளுக்கை வா."

படகு பறிபோகவில்லை. பிற்பாதியில் பயத்தில் அந்தப் பெடியனுக்குக் காட்சிக்கு ஒரு தேத்தண்ணி வைத்தேன். (தேயிலைக் கொம்பனி எவ்வளவு தந்தது என்று யூடியூப்பில் கீழே கருத்துப் போட்ட ஒருவர் கேட்டிருந்தார்.) முள் கதை எங்கள் வீட்டுப் பகிடியாகிவிட்டது. விசேடங்களில் அம்மா என்னைப்போல முழியைப் பிதுக்கி நடித்தே காட்டுவார். ஒரேயொரு திருத்தம்: அம்மாவின் கதையில் நான் மீன் தின்றது கொழும்பில் ஒரு ஹோட்டலில். நானும் அதை மறுத்ததில்லை.

என் கலியாணத்துக்கு மறுநாள் ராசேந்திரம் அண்ணையும் மலரக்காவும் வீட்டுக்கு வந்தார்கள். படம் எடுத்த இடத்து ஆட்கள் என்று மட்டும் அறிமுகப்படுத்தினேன்; முள் குத்திய வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. அம்மா தேத்தண்ணி கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? "இவன் கொழும்பிலை ஒரு ஹோட்டலிலை..." என்று தொடங்கி, முழியையும் பிதுக்கிக் காட்டினார். அண்ணை குனிந்து நிலத்தைப் பார்த்தார். மலரக்கா தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார்.

"ஓம் அக்கா" என்றார். "கொழும்பு மீனைக் கவனமாய்த்தான் தின்னவேணும்."

அந்த வசனம் அம்மாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் கதையை அதோடுதான் முடிக்கிறார்.