தயாரிப்பாளரை வீட்டை விட்டு விரட்டினேன்

மேடையில் பழகியவனைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனால் முதல் நாளே யாருக்காவது அடிபடும். என் விஷயத்தில் பட்டது தயாரிப்பாளருக்கு.

அப்போது நான் ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். ஞாயிறானால் செகந்திராபாத் சர்ச் ஹாலில் நாடகம். ராஜா, திருடன், போஸ்ட்மேன், (ஆள் வராத அன்று) மாமியார், எல்லாம் நானே. எங்கள் ஹால் மைக் பாதி வசனத்தில் உயிரை விட்டுவிடும். அதனால் அழுதாலும் அறைந்தாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். அறை என்றால் நிஜ அறை. என்ன நடந்தாலும் வசனத்தை நிறுத்தவும் கூடாது.

எங்கள் தெரு மேக்கப்மேன் சேவியர் அண்ணன் சிபாரிசில் ஒரு தெலுங்குப் படத்தில் ஹீரோவின் அப்பா வேடம் கிடைத்தது. (முப்பதைத்தான் தாண்டியிருந்தேன். மீதி வயதைத் தலையில் கொட்டிய பவுடர் பார்த்துக்கொண்டது.) ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. ஹீரோ புதுமுகம், நான் பார்த்ததே இல்லை.

"கதவைத் திறந்துக்கிட்டு பையன் வருவான். ஒரு அறை விட்டு வெளியே துரத்தணும்" என்றார் டைரக்டர்.

"ஆக்‌ஷன்!"

கதவு திறந்தது. பட்டுச் சட்டை போட்ட ஓர் இளைஞன் உள்ளே வந்தான். விட்டேன் ஒன்று. அவன் கூலிங் கிளாஸ் பறந்து சோபாவுக்கு அடியில் போனது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வசனமே இல்லாத இடத்தில் பேசுகிறானே என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"வாயை மூடு! ரத்தம் சிந்திக் கட்டிய வீடு இது. இனி இங்கே கால் வைக்காதே!"

தெலுங்கில் முழங்கிவிட்டு, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, தாழ்ப்பாள் போட்டு, கதவில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

கைதட்டல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் லைட்மேன் ஏணியில் வாயைப் பிளந்து நிற்கிறார். டைரக்டர் தலையில் கை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சேவியர் அண்ணன் ஓடிவந்தார். "டேய் டேனி, என்னாடா பண்ணிட்டே! அது ஹீரோ இல்லடா, புரொட்யூசர்! இந்த வீடே அவருதுதான்!"

நான் கதவைப் பார்த்தேன். "அப்போ ஹீரோ?"

"மொதலாளி வர்றாருன்னு வழி விட்டு ஒதுங்கி நிக்கிறான்!"

அந்த நேரம் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. சொந்த வீட்டுக் கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறார் மனிதர்! தாழ்ப்பாளைத் திறந்தேன். அவர் கன்னத்தில் என் ஐந்து விரல்களும் அச்சாகப் பதிந்திருந்தன. காலில் விழுந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டைரக்டரிடம், "பதிவாச்சா?" என்றார். மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். தான் அடிவாங்குவதைத் தானே இரண்டு முறை பார்த்தார்.

"நடிப்பு இருக்கு, ஆளை வெச்சுக்கங்க. ஆனா கையைக் கட்டிடுங்க."

மதியச் சாப்பாட்டுக்குள் கதை மாறியது. ஹீரோவின் அப்பாவுக்குப் பக்கவாதம்.

செய்தி சினிமா வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அதன் பிறகு எனக்கு வந்தவை கோமா நோயாளி, விலங்கு மாட்டிய கைதி, தூணில் கட்டப்பட்ட ஊர்த்தலைவர், விதவிதமான பிணங்கள். 'எந்த வேடத்திலும் ஜொலிக்கும் குணச்சித்திர நடிகர்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஓங்கிய கையோடு என்னை இதுவரை யாரும் திரையில் பார்த்ததில்லை.

போன வருடம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கதை ஏற்கெனவே மாப்பிள்ளை காதுக்குப் போயிருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அங்கிள், ஆக்‌ஷன் சொல்லிட்டாங்களா?"

என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னும் இல்ல தம்பி, தைரியமா வாங்க. அவரு ரெண்டு கையிலயும் காபி டம்ளர் குடுத்துதான் உக்கார வெச்சிருக்கேன்!"