பல்லியிடம் கேட்டு வாங்கிய லேப்டாப்

லேப்டாப் வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் யோசனை கேட்பது உலக வழக்கம். நான் ஒரு பல்லியிடம் கேட்டேன். அதுவும் கண்ணால் பார்த்தே இராத பல்லி. அப்போது நான் எம்.சி.ஏ. கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். தெருவில் யார் வீட்டு டி.வி. நின்றாலும் "கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளைய கூப்புடு" என்பார்கள். (போய்ப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வருவேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.)

ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. இன்று வாங்கினால் நாளைக்குப் பழசு. மூன்று வருடங்களாக நான் லேப்டாப் வாங்கப் போகிறவனாகவே இருந்தேன். பொங்கலுக்கு வாங்கலாம் என்றால் "ஜூன்ல புது சிப் வருது மச்சான்" என்பான் வகுப்பில் ஒருவன். ஜூனில் போனால் கடைக்காரரே "தீபாவளிக்கு வாங்க தம்பி, இதே விலைக்கு டபுள் மெமரி" என்பார். ஒரு பென் டிரைவ்கூட என்னிடம் இல்லை. இன்னும் பெரிதாக வரப்போகிறது என்று கேள்விப்பட்டு அதற்கும் காத்திருந்தேன்.

கடைசி செமஸ்டரில் கழுத்துக்குக் கத்தி வந்தது. புராஜெக்ட் செய்து முடித்தால்தான் பட்டம். பட்டம் அந்த வருடமே கையில் இருந்தால்தான் சென்னைக் கம்பெனி ஒன்று கொடுத்திருந்த வேலை. கல்லூரி லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், தினம் ஒரு மணி நேரம். அப்போதுதான் என் தோஸ்த் ஜாவீத், அவன் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பத்து நாள் வெச்சிப் பாரு. புடிச்சா எடுத்துக்க, இல்லன்னா குடுத்துடு. மூணு வருசம் யோசிச்சி என்னை பேஜார் பண்ணாத."

எங்கள் வீடு ஆம்பூரில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்தெருவில். அப்பாவுக்கு அதில் ஒன்றில் ட்ரம்மில் வேலை. லாரி உயரத்துக்கு நிற்கும் மரப் பீப்பாய். தோல்களை உள்ளே போட்டு நாள் முழுக்கச் சுற்ற விடுவார்கள். அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுவாள். உச்சிவேளையில் எங்கள் தெருவில் ஈ, காக்கை இருக்காது. ஆண்கள் ஷாப்பில், பெண்கள் ஷூ கம்பெனியில். கதவைச் சாத்தினால் பகலிலேயே அறை இருண்டுவிடும். தோல் நாற்றம் மட்டும் யாரோ உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது போல மூலையில் இருக்கும்.

அப்படி ஒரு மதியம், டிரங்குப் பெட்டிமேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தவன் வாய்விட்டுக் கேட்டேன்: "இத வாங்கிடலாமா, இல்ல தீபாவளிக்குப் புது மாடல் வர்ற வரைக்கும் நிக்கலாமா?"

ட்ச். ட்ச். ட்ச்.

அம்மாவின் கை நின்றது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, விரல் முட்டியால் தரையை மூன்று முறை தட்டினாள்.

"பல்லி சொல்லிடுச்சு. வாங்கு."

"எதுக்கும்மா சொல்லிச்சு? வாங்கறதுக்கா, நிக்கறதுக்கா?"

"பிரிச்சிக் கேளுடா. படிச்சவன்தானே நீ?"

பிரித்துக் கேட்டேன். "நிக்கலாமா?" ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் ஃபேனும் நின்றது. அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. "அப்ப... வாங்கிடலாமா?" கொஞ்ச நேரம் அமைதி. யாரோ யோசிக்கிற அமைதி.

ட்ச். ட்ச். ட்ச்.

டார்ச்சை எடுத்துக் காலண்டருக்குப் பின்னால், டியூப்லைட் பட்டிக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். பல்லி இல்லை. அதன் எச்சம்கூட இல்லை. சத்தமும் வழக்கமான பல்லிச் சத்தமாக இல்லை. இரும்பில் நாக்கு செய்து பொருத்திய ஏதோ ஒன்று பேசுவது போல இருந்தது. "கண்ணுக்குத் தெரியாதது சொன்னாதான் பலிக்கும்" என்றாள் அம்மா. தர்க்கவியல் தாளில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய நான் ஆமாம் என்றேன்.

விஷயம் சுவரைத் தாண்டியது. பக்கத்து வீட்டு சரோஜாக்கா மறுநாளே தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். "குடியாத்தத்துல இருந்து பொண்ணுக்கு ஒரு எடம் வந்திருக்குது. முடிச்சிடலாமா?" என்று சுவரைப் பார்த்துக் கை கூப்பினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ட்ச் ட்ச் ட்ச். "பாத்தியா! அவசரப்படல. விசாரிச்சிட்டு வந்து சொல்லுது!" என்று கண் கலங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். சோற்றுக்கு உட்காரப் போனவர் நின்றார்.

"இன்னாடா சத்தம் அது?"

"பல்லிப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சத்தம் வரும்வரை நின்றார். வந்தது. "பல்லி இல்லடா இது. பேரிங். போன மழைக்கு எங்க நாலாம் நம்பர் ட்ரம்மு நின்னுச்சே, அதுக்கு முன்னாடி ஒரு வாரம் இதே மாதிரிதான் தட்டிச்சு." சுவரை அவர் பார்க்கவே இல்லை. டிரங்குப் பெட்டிமேல் இருந்த லேப்டாப்பைக் காட்டினார். "இதுக்குள்ளதான் தட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெருந்தன்மையோடு விளக்கினேன். "அப்பா, இது எலக்ட்ரானிக்ஸ். உன் ட்ரம்மு மாதிரி சுத்தறது, தட்டறதுல்லாம் இதுல கிடையாது." (போன வருடப் பரீட்சையில் ஹார்டு டிஸ்க் படம் வரைந்து, தட்டு, அச்சு எல்லாம் குறித்து, அது சுழலும் திசைக்கு அம்புக்குறியும் போட்டுப் பத்துக்கு ஒன்பது வாங்கியவன் நான்.)

"படிச்சவன் நீ. சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் அம்மாவின் சீட்டுப் பணத்தை ஜாவீத் கையில் கொடுத்தேன். லேப்டாப் எனதாயிற்று. அதற்குப் பிறகு பல்லிக்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது. யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தது. முதலில் மணிக்கு ஒரு தடவை. அப்புறம் நிமிடத்துக்கு ஒரு தடவை. "கேக்காமலே சொல்றது நல்லதுக்கில்லடா" என்று அம்மா குரலைத் தாழ்த்தினாள். நான் கேட்டுக்கொண்டே டைப் அடித்தேன். புராஜெக்ட் முடியும் நிலையில் இருந்தது.

ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, உச்சிவேளையில், அது நிறுத்தாமல் பேசியது. ட்ச்ட்ச்ட்ச்ட்ச். சிலேட்டில் அடித்துக்கொண்டே இருப்பது போல. அம்மா கற்பூரம் ஏற்றிச் சுவருக்குக் காட்டினாள். "இன்னாதான் வேணும் உனக்கு? சொல்லித் தொல!" நானும் எழுந்து பக்கத்தில் போய் நின்று கும்பிட்டேன். எங்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு கீறல் சத்தம், நகத்தால் தகரத்தை இழுத்தது போல. அப்புறம் ஒன்றுமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. நடுவில் வெள்ளையாக ஒரே ஒரு வரி: டிஸ்க் எதையும் காணவில்லை என்று ஆங்கிலத்தில். என் மூன்று மாத உழைப்பு அந்த வரிக்குப் பின்னால் எங்கேயோ போயிருந்தது.

"போயிடுச்சா?" என்று பழக்க தோஷத்தில் சுவரைத்தான் கேட்டேன்.

தேர்வாளர் வெளியூர்க்காரர், நரைத்த மீசை. வெறுங்கையோடு போய் நின்று, டிஸ்க் போன கதையைச் சொன்னேன்.

"காப்பி எடுத்து வெக்கலயா?"

"இல்ல சார். பென் டிரைவ் பெருசா வரட்டும்னு..."

"அது சாவறதுக்கு முன்ன சத்தம் போட்டிருக்குமே?"

"போட்டுச்சு சார். பல்லின்னு நெனச்சோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில விழுந்துதாம். கேள்விப்பட்டிருக்கியா?" அவர் சிரிப்பு பக்கத்து அறைவரை கேட்டது. பிறகு சிரிக்காமல், அடுத்த செமஸ்டர் வரச் சொல்லி எழுதினார்.

ஆறு மாதம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து புராஜெக்டை முதலிலிருந்து செய்தேன். சென்னை வேலை வேறு யாருக்கோ போனது. அந்த ஆறு மாதத்தில் தீபாவளியும் வந்தது. இதே விலைக்கு டபுள் மெமரியும் வந்தது. சரோஜாக்காவின் மகள் மட்டும் குடியாத்தத்தில் நன்றாக இருக்கிறாள். "எங்களுக்குச் சரியாத்தானே சொல்லிச்சு?" என்பார் அவர்.

அப்பா ஒரு வார்த்தைகூட "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் தெரு சொன்னது. மிக்ஸி வாங்கினாலும், பழைய வண்டி வாங்கினாலும், என்னை விட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். அவர் காதை வைத்துக் கேட்டு, "எடுத்துக்க" அல்லது "இது கெளம்பிடுச்சு" என்பார்.

எனக்கு வேறு வேலை கிடைத்து, கல்யாணமாகி, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன் புது லேப்டாப் வாங்க அப்பாவோடு வேலூருக்குப் போனேன். விற்பனைப் பெண் ஒன்றை எடுத்து வைத்தாள். அப்பா குனிந்து அதன்மேல் காதை வைத்தார். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெகுநேரம் அவர் நிமிரவில்லை.

"ஒண்ணுமே கேக்கலயேடா."

"இப்பல்லாம் உள்ள எதுவும் சுத்தறதில்லப்பா. நிஜமாவே. சத்தமே போடாது."

"அப்ப சாவப் போவுதுன்னா எப்பிடிச் சொல்லும்?"

"சொல்லாதுப்பா. ஒரு நாள் போயிடும்."

அப்பா மெதுவாக நிமிர்ந்தார். அந்தக் கறுப்பு மூடியை, பிணத்தைப் பார்ப்பது போல ஒரு முறை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் மரியாதையாகச் சொன்னார்:

"சாவறதுக்கு முன்னாடி சொல்ற மாடல் வந்தா ஒரு போன் பண்ணும்மா."

அவள் சிரிக்காமல் நம்பரைக் குறித்துக்கொண்டாள். இன்னும் கூப்பிடவில்லை. வேளைகெட்ட வேளையில் எங்கள் வீட்டில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் சொல்வோம்: "மாடல் வந்துடுச்சு போல."