சிரித்தால் தையல் விடும்

டிவியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். சோபாவில் லிஃப்ட் மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்திருந்தார். சிரிக்கவே கூடாது, சிரித்தால் தையல் விட்டுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக மனைவி சொன்னாள். விட்டால் மறுபடி வயிற்றைக் கிழிப்பார்கள். ஊசியைப் பார்த்தாலே அவர் வாசலைத் தேடுவார்.

அதனால் காமெடி சேனலுக்குத் தடை. பதிலுக்கு மத்தியானம் போடும் பழைய டிவி நாடகங்கள். எல்லாவற்றிலும் ஒரு பெரிய வியாதி. கடைசியில் ஒரு சாவு. இவை என்றால் அவளுக்கு உயிர். அவருக்கும்தான், காரணம் வேறு.

"இதுல சிரிக்க என்னங்க இருக்கு? பேசாம பாருங்க." கையில் துண்டோடு உட்கார்ந்தாள். அழுகைக்கு.

"உங்க ரெண்டு கிட்னியும் போச்சு" என்றார் டிவி டாக்டர். அறைக்குள்ளேயே இடி இடித்தது. நோயாளியின் முகம் பெரிதாக வந்தது. அடுத்து நர்ஸ் முகம். அடுத்து, எதற்கென்று தெரியவில்லை, ஒரு ஸ்டூல்.

மெக்கானிக்கின் வயிறு குலுங்கியது. சுருக்கென்றது.

"சவுண்டைக் குறை தாயே."

குறைத்தாள். இன்னும் மோசம். சத்தம் இல்லாதபோதுதான் நோயாளியின் விக் தனியாக நடிப்பது தெரிந்தது. அவன் இடப்பக்கம் திரும்பினால், அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது.

தலையணையை வயிற்றோடு அணைத்துக் கண்ணை இறுக்கி மூடினார். "சவுண்டு வை. நான் பாக்கல."

வைத்தாள். "நான்... போறேன்..." என்றான் நோயாளி. போகவில்லை. மகளுக்குப் புத்தி சொன்னான். மறுபடி "போறேன்" என்றான். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னான்.

"செத்துத் தொலையேன்டா!"

"வாயைக் கழுவுங்க. உயிருக்குப் போராடிட்டு இருக்கான் மனுஷன்."

"அவன் போகலன்னா நான் போயிடுவேன்டி!"

ஒருவழியாகச் செத்தான். டிவியில் ஒப்பாரி, வீட்டில் விசும்பல். கண்டம் தாண்டியது என்று மெக்கானிக் கண்ணைத் திறந்தார்.

பிணத்தின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. பிணம் வாயைக் கோணி, "ஃபூ" என்று ஊதியது.

அவ்வளவுதான். தலையணை ஒரு பக்கம் போனது. அவர் இன்னொரு பக்கம் சாய்ந்தார். கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"பிரிஞ்சுடுச்சுடி!"

டாக்சியில் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டே போனார். மனைவி துண்டும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் சீட்டு வாங்க நின்றாள். அவரை உள்ளே படுக்க வைத்தார்கள்.

நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல சார். வேர்வை."

"மறுபடி கிழிக்க வேண்டாமா?"

"எதுக்கு?"

போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். "அவ்வளவு சிரிச்சும் விடலயா?"

"தாராளமா சிரிங்க. யாரு கூடாதுன்னாங்க?"

"நீங்கதானாம். வீட்டுல சொன்னா."

நர்ஸ் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க சொல்லல சார். ஆபரேஷன் அன்னிக்கு உங்க வீட்டம்மாதான் எங்கிட்ட கேட்டாங்க: 'கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாடகத்தை நிம்மதியா அழுது பாக்க விட்டதில்ல இவரு. அப்படியே வாயிலயும் ரெண்டு தையல் போட முடியுமா சிஸ்டர்?'"