மூன்றாவது சிலிண்டரும் உன் அம்மாவும்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், அம்மா நலம், வண்டியும் நலம். கடைசியில் சொன்ன அந்தப் பழைய காருக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான்; ஆனால் போனில் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வண்டியை எடுத்துப்போக மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருக்கும் பழைய இரும்புக்காரரைத் தயவுசெய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த வண்டியிலேயே உன் வீட்டுக்கு வர எங்களுக்கு அனுமதியும் கொடு. அம்மாவுக்கு அது உயிர் என்று உனக்கே தெரியும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் விட்டுவிட்டு ஓடி, மிஸ்ஸிங் அடித்துத் தெருவையே எழுப்பிவிடும் என்பது நீ அறிந்ததே. மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பை மாற்றினார், கடைசியில், "மூணாவது சிலிண்டர்லதான் சார் கோளாறு, இன்ஜினை இறக்கிடலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். "என் வண்டிய நானே பாத்துக்கறேன்" என்று அம்மா வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டாள். வாழ்நாளெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் அல்லவா, எதையும் குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டாள். ஒவ்வொரு சிலிண்டருக்கு மேலும் ஒரு காயில் உண்டு, பிளக்குக்கு மின்சாரம் தருவது அதுதான். நான்கு காயிலுக்கும் நகப்பாலிஷால் எண் போட்டு, மூன்றாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றி மாட்டினாள். "கோளாறும் கூடவே ரெண்டுக்குப் போச்சுன்னா காயில்தான் கெட்டிருக்கு. போகலன்னா வேற எங்கயோ" என்றாள். இன்ஜின் ஆறிக் கிடந்தால்தான் மிஸ்ஸிங் வரும் என்பதால், மறுநாள் காலையில், எந்த சிலிண்டரில் கோளாறு என்று எண்ணைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தாள். அதே மூன்று. பானெட்டைத் திறந்தால் காயில்கள் பழையபடி வரிசையாக இருக்கின்றன. "நான் மாத்தவே இல்லியோ?" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி மாற்றினாள். மறுநாள் மறுபடியும் மூன்று, மறுபடியும் அதே வரிசை.

கிரீஸ் கையோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு மறதி வந்துடுச்சுங்க. வண்டிய அந்த இரும்புக்காரரே எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். ஆனாலும் அன்று மாலை கடைசியாக ஒருமுறை மாற்றி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள். காலையில் படத்தைப் பார்த்தாள், இன்ஜினைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தினம் விடியக்காலம் வண்டியத் துடைக்கறப்போ பானெட்டத் திறக்கறீங்களா?"

திறந்தேன்தான். காலமெல்லாம் நூலகத்தில் குப்பை கொட்டியவன், இரண்டுக்கு முன்னால் மூன்று உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்குமா? அவள் கண் மங்கித் தப்பாக மாட்டிவிட்டாள், சொன்னால் மனசு கஷ்டப்படுவாள் என்று சத்தமில்லாமல் அடுக்கி வைத்தேன். ஒத்தாசை செய்த பெருமை வேறு.

"அப்போ எனக்கு மறதி இல்ல. கோளாறு வீட்டுலதான்" என்றாள். திட்டக்கூட இல்லை. மறுபடி காயிலை மாற்றிவிட்டு, பானெட்டுக்குப் பூட்டு இல்லாததால் என்னைப் படுக்கையறையில் வைத்துப் பூட்டினாள். காலையில் ஸ்கேனர் "இரண்டு" என்றது. புதுக் காயில் போட்டாள். இப்போது இன்ஜின் ஓடுகிறதா என்று பானெட்டில் கை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டியைச் சந்தேகப்பட்டு, தன்னையே சந்தேகப்பட்டு, கடைசியில்தான் கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டாள் பார், அந்த நியாயத்துக்கு நான் அடிமை. இவளோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆகவே யோசித்து, மாப்பிள்ளையோடும் கலந்து பேசி, நல்ல பதிலாக எழுது. அவசரமில்லை.

இருவரும் குறையின்றி வாழ வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு. இரும்புக்காரர் சொன்ன நாளுக்கு முன்பே லாரியோடு தெருமுனைக்கு வந்துவிட்டார். அதைப் பார்த்ததும் அம்மா பெட்டியைப் பின்சீட்டில் போட்டு, என்னை முன்சீட்டில் போட்டு, வண்டியை எடுத்துவிட்டாள். இதை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு ரோடுதான் காரணம், மிஸ்ஸிங் இல்லை. கடிதத்தை உன் வீட்டு வாசலில் என் கையாலேயே தருகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு, நாங்கள் வரலாமா வேண்டாமா என்று சொல்.