லஸ்கர் சொன்ன தேர்தல் நிலவரம்

நம் நாட்டில் தேர்தல் முடிவை ஒரு தடவைகூடப் பிசகாமல் முன்கூட்டிச் சொன்ன மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் லஸ்கர். அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை.

வலங்கைமானுக்கு அந்தப் பக்கம், ஒரு பாசன அலுவலகத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்திருந்த புதிது. லஸ்கர் என்றால் ஆற்று மதகுகளைத் திறந்து மூடுகிற, கரையைச் சுற்றிவந்து பார்த்துக்கொள்கிற கடைநிலை ஊழியர். எங்கள் லஸ்கருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார். ஆறடி உயரம். அரசாங்கம் கொடுத்த காக்கி அரை நிஜாரோ நாலடி ஆளுக்குத் தைத்தது. ஷட்டரைத் திருகுகிற இரும்புக் கைப்பிடியைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு, தலைமடை முதல் கடைமடை வரை தினமும் ஒரு சுற்று போய்வருவார்.

அவரிடம் ஒரே ஒரு கோளாறுதான். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லமாட்டார். "அவங்க" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். லஸ்கர் மூச்சு வாங்க ஆபீசுக்குள் வந்தார்.

"சார், அவங்க வந்துட்டாங்க. பாலத்துக்கிட்ட கொஞ்சம் தயங்கி நிக்கிறாங்க."

மேலதிகாரி யாரோ திடீர் ஆய்வுக்கு வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு, பிளாஸ்க் நிறைய டீ வாங்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். அங்கே ஆறு போய்க்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு லஸ்கர் பதறினார்.

"அவங்களுக்கா சார் டீ?"

இப்படிப்பட்டவர் எப்படித் தேர்தல் ஜோசியர் ஆனார் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய சட்டசபைத் தேர்தலின்போது, டீக்கடையில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த வழியாகப் போன லஸ்கரை நிறுத்தி, "நீ ஊரெல்லாம் சுத்துறியே, யாருய்யா வருவாங்க, சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள். லஸ்கரின் நினைப்பெல்லாம் மேலே அணையில் இருந்திருக்கிறது.

"அவங்கதான். மேல பூரா நெரம்பிட்டாங்க. நாளான்னிக்குப் பாருங்க, கரையை ஒடச்சிக்கிட்டு வருவாங்க."

இரண்டு பேரும் பரம சந்தோஷமாகி, ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். சொன்னபடியே ஒரு கட்சி அமோகமாக ஜெயித்தது. "லஸ்கர் அன்னிக்கே சொன்னாரே!" என்று ஜெயித்தவர்கள் சொன்னார்கள். "அவர் சொல்லத்தான் சொன்னாரு, நாமதான் தப்பா எடுத்துக்கிட்டோம்" என்று தோற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அதே வாரம் ஆறு நிஜமாகவே கரையை உடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் இன்ஜினீயரைத் தவிர யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் சொல்லவந்த பாராளுமன்றத் தேர்தல்.

அதைப்போல ஒரு குழப்பத்தை எங்கள் ஊர் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முந்தின அறுவடையில்தான் கூலித் தகராறு வெடித்திருந்தது. ஒரு பக்கம் ஊரின் பெரிய நிலக்காரர்; பண்ணை என்றால் அவர்தான். எதிர்ப்பக்கம் சிவப்புக் கொடிச் சங்கம். அதன் முன்னணியில் அஞ்சலை. நாற்பது வயதுப் பெண்மணி. நடவு வயலில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார் என்றால் மொத்த வரிசையும் நிமிர்ந்துவிடும். அவர் குனிந்தால்தான் மறுபடி குனியும். பண்ணை கொடுத்த புகாரில் அஞ்சலை பதினொரு நாள் சிறையில் இருந்துவிட்டு வந்திருந்தார். இரண்டு தரப்பும் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் பேப்பரைப் பிரித்தால், பண்ணையின் கட்சியும் அஞ்சலையின் கட்சியும் கூட்டணி! மெட்ராஸில் தலைவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிற படம். இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரே வேட்பாளர்.

ஊர் திகைத்துப்போய்விட்டது. "பண்ணை ஒழிக" என்று சுவரில் எழுதியவரே சுண்ணாம்பு வாளியோடு வந்து அதை அழித்தார். அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பாதி நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பண்ணையின் காரியஸ்தர், பழக்கதோஷத்தில், கூட்டணி ஊர்வலத்தைப் பார்த்ததும் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "யோவ், நாமதான்யா அது!" என்று ஊர்வலத்திலிருந்து யாரோ கூப்பிட்டபிறகுதான் வெளியே வந்தார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில், சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது.

உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தைக் கடைமடையில் கூலிக் குடும்பங்களுக்குப் பிரித்துப் பட்டா கொடுத்திருந்தார்கள். அஞ்சலைக்கும் ஒரு துண்டு நிலம். அந்த நிலங்களுக்குப் போகிற வாய்க்கால் பண்ணையின் தென்னந்தோப்பு வழியாகத்தான் போகவேண்டும். அங்கே, வாய்க்காலுக்குக் குறுக்கே, தென்னைமட்டையும் மண்ணுமாக ஓர் அடைப்பு முளைத்திருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லோருக்கும் தெரியும். மழை பொய்த்த வருஷம். முறை வைத்துத்தான் ஆற்றில் தண்ணீர். பயிர் பொதி கட்டி, கதிர் வரப்போகிற சமயத்தில், கடைமடை வெடித்துக் கிடந்தது.

அஞ்சலை மனுவோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"கிளார்க்கு சார், எம் பேருல பட்டா வந்து இது ரெண்டாவது வெள்ளாமை. மொத வெள்ளாமையை வெள்ளம் கொண்டுட்டுப் போச்சு. இதுவும் காஞ்சு போவணுமா? இன்னும் எட்டு நாளு தாங்கும். அதுக்கு மேல வைக்கோலுக்குக்கூட ஆவாது."

மனுவில் முத்திரை குத்தினேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்த அதிகாரம். லஸ்கர் ஏற்கெனவே அந்த அடைப்பைப் பற்றி ஒன்பது அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்பதும் இன்ஜினீயரின் மேஜையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. "எலக்‌ஷன் முடியட்டும்யா, இப்பப் பண்ணையைத் தொட முடியாது" என்றார் அவர். தேர்தலுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

அந்த வாரம் வேட்பாளர் வந்தார். மெட்ராஸ் வக்கீல். எதைச் சொன்னாலும் டைரியில் எழுதிக்கொள்கிற மனிதர். லஸ்கரின் கீர்த்தி அவர் காதுக்கும் போயிருந்தது. ஜீப்பை நேராக மதகுக்கு விடச் சொன்னார். கூடவே பண்ணையும் வந்தார். நான் அங்கே நீர்மட்ட அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். லஸ்கர் ஷட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எப்படி இருக்கு நம்ம நிலவரம்?" என்றார் வேட்பாளர்.

லஸ்கர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "மேல நல்லாத்தாங்க இருக்காங்க. கடைமடையிலதான் ஒண்ணுமே இல்ல. சுத்தமா இல்ல."

வேட்பாளர் முகம் வெளுத்தது. "சுத்தமாவா? அங்கதானே நம்ம கூட்டணிக்கு ஓட்டே இருக்கு?"

"வரத்தான் பாக்குறாங்க. நடுவுல ஒருத்தர் மறிச்சு வச்சிருக்காரு. அதை எடுத்துட்டா, ஒரே நாள்ல கடைசிவரைக்கும் அவங்கதான்."

வேட்பாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "கூட இருந்தே குழி பறிக்கிறது யாரு?" என்று சுற்றிலும் பார்த்தார். கட்சியின் நகரச் செயலாளர் ஒன்றியச் செயலாளரைப் பார்த்தார். ஒன்றியச் செயலாளர் ஜீப் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் என்னைப் பார்த்தான். பண்ணை மட்டும் யாரையும் பார்க்கவில்லை. மார்கழிக் குளிரில் அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும்போதே பண்ணை வாசலில் நின்றார்.

"யோவ் லஸ்கரு, அந்த வக்கீல்கிட்ட எம்பேரைச் சொல்லிட்டியா?"

"நான் யாரு பேரும் சொல்லலீங்களே ஐயா."

"பின்ன மறிச்சு வச்சிருக்கான்னியே, அது ஓட்டைச் சொன்னியா, தோப்பைச் சொன்னியா?"

"அடைப்பைச் சொன்னேங்க."

"அதாய்யா, எந்த அடைப்பு?"

"அவங்க வர்ற வழியில இருக்கிறதுங்க."

பண்ணை என் பக்கம் திரும்பினார். "கிளார்க்கு சார், உங்களுக்காவது புரியுதா?" இல்லை என்று தலையாட்டினேன். சத்தியமாகப் புரியவில்லை. பண்ணை சிறிதுநேரம் முற்றத்தில் இப்படியும் அப்படியுமாக நடந்தார். தோற்றால் வக்கீல் தன்னைத்தான் காட்டிக்கொடுப்பார் என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும். அல்லது, லஸ்கரின் வாக்குப் பலித்துவிடும் என்று பயந்திருக்கவேண்டும். கடைசியில், "சரி, நாளைக்குக் காலம்பர தோப்புக்கு வா. வக்கீலையும் வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்வதைப் பண்ணை சும்மா செய்யமாட்டார். போட்டோகிராபர் வந்தார். கொட்டுமேளம் வந்தது. பண்ணையே மண்வெட்டியைப் பிடித்து, போட்டோவுக்காக அடைப்பில் ஒரே ஒரு வெட்டு வெட்டினார். மிச்சத்தை ஆட்கள் வெட்டி எடுத்தார்கள். பிறகு வேட்பாளர் ஜீப்பில் ஏறிக் கடைமடைக்குப் போவது, அங்கே கட்சிக்காரர்கள் வரவேற்பு கொடுப்பது, அஞ்சலையும் பண்ணையும் ஒரே மேடையில் நிற்பது என்று ஏற்பாடு.

தண்ணீர் உடைத்துக்கொண்டு கிளம்பியதும் லஸ்கருக்கு நிலைகொள்ளவில்லை. சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் கேரியரில் தொற்றிக்கொண்டேன். வரப்பில் சைக்கிள் போன வேகத்தில் என் செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. தண்ணீர் குப்பையையும் சருகையும் உருட்டிக்கொண்டு வாய்க்காலில் வருகிறது. லஸ்கர் அதற்கு முன்னால் மிதிக்கிறார். மிதித்துக்கொண்டே அடித்தொண்டையில் கத்துகிறார்:

"அவங்க வந்துட்டாங்க! அவங்க வந்துட்டாங்க!"

கடைமடையில் மாலையும் கையுமாக நின்றிருந்த கட்சிக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்? "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று சரவெடியைக் கொளுத்தினார்கள். மேளம் முழங்கியது. "வருங்கால எம்.பி. வாழ்க!" என்று ஐம்பது தொண்டைகள் ஒன்றாகக் கிளம்பின. எல்லோரும் ரோட்டைப் பார்த்து நிற்கிறார்கள். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. திறந்துவிட்ட தண்ணீர் வழியில் ரோட்டுக்கு வழிந்து, ஜீப் அந்தச் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அஞ்சலை ஒருவர்தான் வாய்க்கால் பக்கம் திரும்பியிருந்தார். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வளைவைத் தாண்டி வந்தது. வெடித்த மண்ணில் இறங்கும்போது 'சொர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அஞ்சலை முழங்கால் அளவுக்கு வாய்க்காலில் இறங்கி நின்று, வேட்பாளருக்கு வைத்திருந்த ரோஜா மாலையைப் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் போட்டார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கட்சிக்காரர்கள் என்ன செய்வதென்று புரியாமல் அதற்கும் "வாழ்க!" என்றார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, வேட்பாளர் சேறும் சகதியுமாக நடந்து வந்துசேர்ந்தார். மாலையும் இல்லை, வெடியும் இல்லை. எல்லோரும் வயலில் மடை திறந்துகொண்டிருந்தார்கள்.

தேர்தலில் அந்த வக்கீல் தோற்றுப்போனார். கடைமடைக்காரர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை. அஞ்சலையிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். "படிச்சவரு நீங்க, அதையெல்லாம் கேக்கலாமா?" என்று சொல்லிவிட்டார்.

பண்ணை ஆபீசுக்குள் புயல்போல நுழைந்தார். "கடைசிவரைக்கும் அவங்கதான்னியேய்யா!"

"கடைசிவரைக்கும் போயிட்டாங்களேங்க ஐயா. நானே பின்னாடி போயிப் பாத்தேன்" என்றார் லஸ்கர்.

அரசு ஊழியர் அரசியல் பேசினார் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. விசாரணைக்கு வந்த அதிகாரி சாட்சிகளின் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். 'அவங்க மேலே ஏறுகிறார்கள்', 'அவங்க தயங்கி நிற்கிறார்கள்', 'அவங்களை ஒருவர் மறிக்கிறார்'. "யாருய்யா இந்த அவங்க?" என்று எங்கள் இன்ஜினீயரைக் கேட்டார். இன்ஜினீயர் ஜன்னல் வழியாக ஆற்றைக் காட்டினார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சோடா கேட்டார்.

நான் ஒருநாள் மதகுக்கட்டையில் உட்கார்ந்து லஸ்கரிடமே கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. வக்கீல் எலக்‌ஷனைத்தான் கேக்குறார்னு தெரிஞ்சேதானே அப்படிச் சொன்னீங்க?"

"எதைங்க சார்?" என்றார். அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தேன். கள்ளம் எதுவும் தெரியவில்லை. கள்ளம் இல்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் ஷட்டரைத் துடைக்கப் போய்விட்டார்.

புகார் விசாரணையில் எடுபடவில்லை. ஆனாலும் பண்ணை சும்மா இருக்கவில்லை. தை பிறந்த நாலாம் நாள், லஸ்கரை முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றி உத்தரவு வந்தது. உடனே விடுவிக்கவேண்டும் என்று அடிக்கோடு வேறு. கடைமடைப் பயிருக்கு இன்னும் இரண்டு முறைத் தண்ணீர் பாக்கி. லஸ்கர் இல்லாவிட்டால் மறுநாளே தோப்பில் மறுபடி மட்டையும் மண்ணும் முளைக்கும். தபால்களைப் பிரிக்கிற வேலை என்னுடையது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்தத் தாளை நான்காக மடித்து, பரண்மேல் கிடந்த பழைய மழைக்கணக்குக் கட்டு ஒன்றின் நடுவில் செருகிவிட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் தபால் வரவில்லை என்று சொன்னேன். நினைவூட்டுக் கடிதம் வந்து, நகல் வந்து, அவர் சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, அஞ்சலையின் வயலில் அறுப்பு முடிந்து நெல்தாள்தான் நின்றது. முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் தெரிந்தே தொலைத்த தபால் அது ஒன்றுதான்.