தொண்டை கட்டுன பிலாத்து

மரியே வாழ்க.

திருப்பூர்ல இருக்குற மாப்ள இளஞ்செழியனுக்கு, கன்னிவாடிலருந்து மச்சான் சேவியர் எழுதிக்கிறது. இங்க உங்கக்கா சொகம், ஆடுக சொகம், என் தொண்டை மட்டும் சொகமில்ல. அங்க நீயும் பொண்டாட்டி பிள்ளைகளும் நல்லாருக்க மாதாவ வேண்டிக்கிறேன்.

போன் போட்டா மச்சான் ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாருன்னு கோவிச்சுக்கிட்டியாமே. வாய் இருந்தா பேச மாட்டனாப்பா. மாசியில தொண்டையில ஒரு முடிச்சுன்னு மதுரையில வச்சு எடுத்தாங்க. கொரலு வந்தாலும் வரும், வராமயும் போகும், அதுவரைக்கும் முனகக்கூடக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. வீட்டுக்கு வந்ததும் உங்கக்கா பக்கத்துல வந்து உக்காந்தா. "கல்யாணம் கட்டுன நாள்லருந்து நீ பேசுனத நான் கேட்டேன். இப்பக் கேளு"ன்னு ஆரம்பிச்சவ இன்னும் முடிக்கல. உங்க வீட்டுப் பழக்கம் போல.

அது கெடக்கட்டும். பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில, இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்புச் சொல்ற பிலாத்து வேசம் எனக்குத்தான்னு உனக்குத் தெரியும். டிராக்டர் மேல பந்தல் போட்டு, நான் நின்னு தீர்ப்புச் சொன்னா ரெட்டியார்சத்திரத்துக்குக் கேக்கும்பாங்க. ஒருக்கா இந்தப் பழியில எனக்குப் பங்கில்லன்னு கையக் கழுவிட்டு, தொடைக்கத் துண்டு இல்லாம, ரோமாபுரிக் கவர்னரு "ஏ மணிமேகலை, துண்ட எடு"ன்னு உங்கக்காளக் கூப்புடப் போயி, சிலுவையில தொங்க வேண்டிய ஆளே சிரிச்சுட்டான். இந்த வருசம் அந்தப் பிலாத்து கிரீடத்த நம்மூரு பாண்டியராஜுக்குக் குடுத்துட்டாங்க. அவனுக்கு மைக்கு வேற. நமக்கெதுக்கு மைக்கு.

பங்குச்சாமியாரு வீட்டுக்கு வந்து, "சேவியரு, சீமோன் வேசத்துக்கு வசனம் இல்ல. இயேசுவுக்கு ஒத்தாசையா சிலுவையோட பின்கட்டையத் தூக்குனாப் போதும்"னாரு. ஆண்டவரே, வாயில்லா வேசத்துக்கா என்னய வளத்தன்னு மனசுக்குள்ளயே சண்டை போட்டேன். வழக்கமா செபத்துல நாந்தான் பேசுவேன், மழை அனுப்பு, தக்காளிக்கு வெலை அனுப்புன்னு அடுக்குவேன். இப்பத்தான் அவருக்கும் பேச எடம் கெடைச்சுது போல.

உச்சி வெயிலு. இயேசு வேசம் நம்ம லோடுமேன் ஆரோக்கியம். வெறுங்காலு, தாரு ரோடு. பின்கட்டையத் தோள்ல வாங்குனதும், திரும்பாமலே, "மாமா, கால் சுடுது, கொஞ்சம் தூக்கிப் பிடி"ன்னான். பழைய சேவியரா இருந்தா ஆறுதலு, அறிவுரை, எங்கப்பன் செருப்பில்லாம பழனி போன கதைன்னு அளந்துருப்பேன். வாயில்லையே. தூக்கத்தான் முடிஞ்சுது. தூக்குனேன். அவன் குதிகாலு கொப்புளம் ஒடைஞ்சு, ரோட்டுல ஈரம் பதிஞ்சுக்கிட்டே போகுது. அதத்தான் பாத்துக்கிட்டு நடந்தேன்.

அப்பத் தோணுச்சு மாப்ள. சீமோனும் வயக்காட்டுலருந்து வந்தவன்தான். வேண்டிக்கிட்டா வந்தான், புடிச்சு நிறுத்தித் தோள்ல வச்சாங்க. அவனும் "நானா கெடைச்சேன்"னுதான் நெனைச்சுருப்பான். ஆனா அம்புட்டுக் கூட்டத்துல ஆண்டவருக்குப் பக்கத்துல நடந்தவன் அவந்தான். நான் இத்தன வருசமா நெழல்ல நின்னு கையக் கழுவிட்டு, எறங்கிப் போயி சர்பத் குடிச்சுருக்கேன். கீழ ஒருத்தன் கால் சுடுறது எனக்குத் தெரியாது.

ஆனாலும் மாப்ள, ஆசை விடுதா. கொரலு திரும்பணும்னு வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுவத்தி நேந்துக்க. அடுத்த வருசமாவது டிராக்டர்ல ஏறணும்.

பிள்ளைகளுக்கு நெத்தியில சிலுவை போட்டதாச் சொல்லு. மாதா துணை.

மச்சான்,
சேவியர்

பி.கு: மேல எழுதி மடிக்கிறதுக்குள்ள தக்காளிக் காட்டுக்குள்ள மயிலு எறங்கிருச்சு. என்னைய அறியாம "ஏய்"னுட்டேன். பழைய கொரலு, மாறவே இல்ல. மயிலு மலைக்கே போயிருச்சு. மெழுகுவத்திய நன்றின்னு ஏத்திரு, டிராக்டர் பேச்ச விட்டுரு. அது பாண்டியராஜுக்கே இருக்கட்டும். சாமியாருகிட்டப் போயி, அடுத்த வருசமும் பின்கட்டை எனக்குத்தான்னு சொல்லப் போறேன். உங்கக்காளுக்கு இன்னும் தெரியாது. அவ பேசி முடிக்கட்டும், சொல்றேன்.